நத்தாரும் நன்றிக்கடனும்: கொடிகாமத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மார்கழி மாதத்து விடியற்பொழுதிற் கொடிகாமச் சந்தியில் நின்று பார்ப்போர்க்கு யாழ்ப்பாணக் குடாநாட்டு வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரே பார்வையிற் புலப்படும். கண்டி வீதியிலிருந்து வடக்கே பருத்தித்துறைக்கு ஒரு வீதி பிரிகிறது. தெற்கே கச்சாய்க் கடலை நோக்கி இன்னொன்று செல்கிறது. முன்னொரு காலத்திற் பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே தட்டிவான்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடித் திரிந்த சந்தி இது. வாடைக்காற்றிலும் தூறலிலும் தலையிற் சாக்கைப் போர்த்துக்கொண்டு, தேங்காய்க் குவியலுக்கும் கீரைக் கட்டுக்கும் பின்னாற் பெண்கள் குந்தியிருப்பர். அயலிலுள்ள கோயிலில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். சில வீட்டு வாயில்களிற் காகித நட்சத்திரங்கள் தொங்கும். சைவமும் கிறிஸ்தவமும் ஒரே மழையில் நனையும் மாதம் மார்கழி.

டிசெம்பர் விடுமுறை தொடங்கும் நாளில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "சேர், நத்தாருக்கு எங்களுக்கு லீவு. ஆனா எங்கட அம்மாவுக்குச் சந்தையில லீவு இல்லையே, அது ஏன்?" வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நாமும் உடனே விடை கூறவில்லை. இக்கட்டுரை அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியாகும்.

நத்தார்க் காலத்திற் பிரசங்க மேடைகளில் மூன்று சொற்கள் அடிக்கடி ஒலிக்கின்றன: நன்றி, விசுவாசம், ஓய்வு. முற்போக்காளர் எனத் தம்மைக் கருதுவோர் பலர் இச்சொற்களைக் கேட்டதும் முகஞ் சுளிப்பர்; நன்றி அடிமைத்தனத்தின் மறுபெயர் என்பர்; விசுவாசம் மயக்கம் என்பர்; ஓய்வு வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் மக்கள் நூற்றாண்டுக் கணக்காகக் கைவிடாது வைத்திருக்கும் சொற்களைச் சுளித்த முகத்தோடு ஒதுக்கிவிடுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. அச்சொற்களை யார் யாரிடம் கூறினர், எந்த நிலையிற் கூறினர், அவற்றுக்காக என்ன விலை கொடுத்தனர் என்று கேட்பதே எமது கடமை.

'நத்தார்' என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். போர்த்துக்கேயரின் 'நாத்தால்' எமது நாவில் நத்தார் ஆயிற்று. மேசை, அலுமாரி, யன்னல், குசினி, பாண் ஆகிய சொற்களும் அவ்வழியே எம்மிடம் வந்து சேர்ந்தவை. 1619 ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே இங்கு ஆண்டனர். அவர்களது ஆட்சி போய் நான்கு நூற்றாண்டை நெருங்குகிறது. சொற்கள் மட்டும் எமது அடுப்படியில் இருக்கின்றன. ஆனால் அச்சொற்கள் வந்த வழி மென்மையானதன்று. யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சி, எம்முன்னோர் அதைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்னும் செவிவழிச் செய்தியை யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் இன்றும் கூறும்.

கொடுமை ஒரு சமயத்தாரின் தனியுரிமையுமன்று. 1544 ஆம் ஆண்டு மன்னாரில் மதம் மாறிய எளிய மக்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான். அன்று சிந்தியது தமிழ் மன்னன் ஏவிய வாளாற் சிந்திய தமிழ் இரத்தம். அரசு எதுவாயினும், தன் ஆணைக்கு அப்பாற்பட்ட விசுவாசத்தை அது அஞ்சியது என்பதே இந்நிகழ்ச்சிகளின் பொதுப்பாடம்.

1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் கிறிஸ்தவரே, ஆயின் கத்தோலிக்கரல்லர். ஒல்லாந்துக் கம்பனிக்குக் கத்தோலிக்கக் குரு ஒவ்வொருவரும் போர்த்துக்கேயரின் உளவாளியாகத் தோன்றினர். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என அவ்வாண்டிலேயே பறைசாற்றப்பட்டது. கத்தோலிக்கக் கோயில்கள் புரட்டஸ்தாந்துக் கோயில்களாயின. பால்டேயஸ் என்னும் ஒல்லாந்தப் போதகர் 1672 இல் வெளியிட்ட நூலில் தென்மராட்சிக் கோயில்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, எழுதுமட்டுவாள் ஆகியன அவை. கொடிகாமத்தைச் சுற்றி வட்டமிட்டாற்போல் அமைந்த ஊர்கள் இவை என்பதை எமது மாணவர் உடனே அறிவர். கோயிலோடு சேர்ந்து பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் செலுத்த வேண்டும். பிறப்பும் திருமணமும் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதப்பட்டன. அதில் இடம்பெறாதார்க்கு முதுசொத்துரிமை கேள்விக்குரியதாயிற்று. விசுவாசம் என்பது இங்கே அரசாங்கக் கணக்கேட்டில் ஒரு வரியாகச் சுருங்கியது. காணியைக் காக்க விரும்பியவன் ஞானஸ்நானம் பெற்றான். வீட்டுக்குட் போய் விபூதி பூசினான், அல்லது செபமாலையை உருட்டினான்.

இந்நிலையிலேதான் 1687 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யோசப் வாஸ் என்னும் குரு, கூலியாளின் உடையில் இலங்கைக் கரையை அடைந்தார். யாழ்ப்பாணத்துக்கு வந்து நோயில் விழுந்து எழுந்து, பிச்சைக்காரனைப்போல் வீடு வீடாகச் சென்றார். அவரது கழுத்திற் செபமாலை ஒன்று தொங்கியது. அதைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறதோ அந்த வீடு தம்மவர் வீடு என அவர் அறிந்தார். வலிகாமத்தில் உள்ள சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடம் ஆயிற்று.

1689 ஆம் ஆண்டு நத்தார் முந்திய இரவு, நள்ளிரவுப் பூசைக்காக மக்கள் வீடுகளில் இரகசியமாகக் கூடியிருந்தனர். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி அனுப்பிய படைவீரர் கதவுகளை உடைத்து உட்புகுந்தனர். ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். வாஸ் அடிகள் அகப்படவில்லை. பிடிபட்டோருட் சிலர் கசையடிக்கும் சிறைக்கும் உள்ளாயினர். ஒருவர் பட்ட காயங்களால் உயிர் துறந்தார். வாஸ் பின்னர் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். அங்கும் முதலிற் சிறை வைக்கப்பட்டார். பின்னர் பௌத்த மன்னனின் ஆதரவைப் பெற்றார். 1711 இற் கண்டியிலேயே காலமானார். 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆந் திகதி கொழும்பு காலிமுகத் திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனப் பிரகடனஞ் செய்தபோது பெருந்திரளான மக்கள் கூடினர்.

புனிதரின் பெயரை உலகம் அறியும். நாம் கேட்க விரும்புவது வேறொன்று: அவருக்குக் கதவு திறந்தவர் யார்? அவரை இரவில் வழிநடத்திச் சென்றவர் யார்? அந்த 300 பேரின் பெயர்களை ஒரே மூச்சிற் கூறவல்லார் எவருமில்லை. குருவுக்கு அடைக்கலம் அளித்தால் உயிர் போகும் என்பதை அறிந்தே அவர்கள் கதவைத் திறந்தனர். தமிழில் 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல் கடவுளிடம் வைக்கும் பற்றையும் அயலவனிடம் வைக்கும் உறுதியையும் குறிக்கிறது. மறைந்து வாழ்பவன் தன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று மறைத்து வைப்போரை நம்பினான். அவர்களும் ஒருவரையொருவர் நம்பினர். இந்த இரண்டாவது நம்பிக்கை இல்லாமல் முதலாவது ஓர் இரவும் நிலைத்திருக்க இயலாது. கூரையில் இலையைச் செருகிய சைவனும் சன்னலைச் சாத்திவிட்டு மெழுகுதிரி ஏற்றிய கத்தோலிக்கனும் இவ்வகையில் ஒரே வரலாற்றின் பிள்ளைகள்.

ஆட்சி கையிலிருந்தபோது கோயிலை இடித்த அதே திருச்சபை, ஆட்சியை இழந்தபின் ஏழைகளின் குடிசையிற் புகலடைந்தது. அங்கேதான் நத்தார் மக்களின் பண்டிகையாயிற்று என்பது எமது கருத்து. 1806 இற் பிரித்தானியர் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கியபோது, சட்டம் அனுமதித்தது ஏற்கெனவே மக்கள் காப்பாற்றி வைத்திருந்ததையே.

இனி, ஓய்வு என்னும் சொல்லை நோக்குவோம். நத்தார் என்றால் விடுமுறை என்பது இயற்கையின் நியதிபோல எமக்குத் தோன்றுகிறது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிப் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் நிறுவிய அமெரிக்க மிசனரிமார், மசசூசெற்ஸ் நாட்டுப் பியூரித்தானியரின் வழிவந்தோர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கிய அவர்களது பணி பின்னர் சாவகச்சேரிக்கும் வரணிக்கும் பரவியது. அவர்களது முன்னோர் 1659 இல் மசசூசெற்ஸில் இயற்றிய சட்டம் விசித்திரமானது: நத்தார் நாளில் வேலை செய்யாதிருந்தோ விருந்துண்டோ அதனைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து சில்லிங் தண்டம்! வேதநூலில் இல்லாத பண்டிகை, குடிக்கும் கூத்துக்கும் இடந்தரும் பண்டிகை என்பது அவர்கள் கூறிய காரணம். 1681 வரை அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. கிறிஸ்தவரே கிறிஸ்து பிறந்த நாளில் ஓய்வெடுத்த கிறிஸ்தவரைத் தண்டித்த காலமும் உண்டு என்பதை எமது மாணவர் அறிதல் நன்று.

இங்கிலாந்திலோ, இயந்திர ஆலைகள் பெருகிய காலத்தில், தொழிலாளரின் பண்டிகை நாட்களை முதலாளிகள் ஒன்றொன்றாக விழுங்கினர். 1833 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே ஆலைகளில் வேலைசெய்த சிறுவர்க்கு நத்தார் நாளையும் பெரிய வெள்ளியையும் விடுமுறையாக்கியது. ஆலைச் சிறுவர்க்கு ஆண்டவன் பிறந்த நாளை மீட்டுக் கொடுத்தது பிரசங்கமன்று. குழந்தைத் தொழிலுக்கு எதிரான நீண்ட கிளர்ச்சி. பத்தாண்டுகள் கழித்து, 1843 இற் சாள்ஸ் டிக்கின்ஸ் தமது புகழ்பெற்ற நத்தார்க் கதையை வெளியிட்டார். அந்த ஒரு நாள் விடுமுறைக்குக் கருமியான எசமானின் முகத்தைப் பார்த்து நிற்கும் ஏழை எழுதுவினைஞன் அக்கதையில் வருகிறான். அன்றைய இலண்டன் நகரில் அவனைப் போன்றோர் பல்லாயிரவர்.

எமது நாட்டிலும் ஓய்வுக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1954 ஆம் ஆண்டுக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறையைக் கடைச் சிப்பந்திகளுக்கு உரிமையாக்கியது. 1966 முதல் 1971 வரை வாராந்த விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போயா நாட்களுக்கு மாற்றப்பட்டது. அக்காலத்திற் கிறிஸ்தவ ஊழியர் ஞாயிறு பூசைக்கும் வேலைக்கும் இடையில் ஓடினர். சந்திரன் வளர்வதையும் தேய்வதையும் பொறுத்து வாரம் சிலபோது நீண்டது. கடைசியில் 1971 இல் ஞாயிறு மீண்டது. ஓய்வு நாள் எது என்பதை அரசாங்கம் ஒரே கையெழுத்தில் மாற்றலாம் என்பதற்கு எமது நாடே சான்று. ஆனால் இச்சட்டங்கள் யாவும் எவருக்கு? சம்பளப் பட்டியலிற் பெயருள்ளோர்க்கு. சந்தையிற் கீரை விற்பவளுக்கும், தோட்டத்திற் கூலிக்கு மண்வெட்டி பிடிப்பவனுக்கும், கச்சாய்க் கடலில் வலை வீசுபவனுக்கும் சம்பளப் பட்டியல் ஏது? ஒரு நாள் இருந்தால் ஒரு நாள் அடுப்பு எரியாது. எமது மாணவி கேட்ட கேள்வியின் முதற்பாதிக்கு விடை இதுவே.

நன்றி என்னும் சொல்லோ இவை இரண்டினும் சிக்கலானது. யாழ்ப்பாணச் சமுதாயத்தில் நன்றி பெரும்பாலும் கீழிருந்து மேலே செல்லும் ஒருவழிப் பாதையாகவே இருந்து வந்தது. இலங்கையில் அடிமை முறை 1844 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் குடிமைத் தொழில் என்னும் பெயரில் உழைப்புக் கடமையாக நீடித்தது. 'எங்கட சோத்தைத் திண்டு வளந்தவன்' என்னும் ஒரே வசனத்தால் ஒரு தலைமுறையின் வாயை அடைக்க இயன்றது. தைப்பொங்கலன்று சூரியனுக்கு நன்றி கூறுகிறோம். மறுநாள் மாட்டுக்கும் நன்றி கூறுகிறோம். அந்த மாட்டின் பின்னால் ஏர் பிடித்து நடந்தவனை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தினோம். நன்றியைப் பற்றிப் பேசப் புகுமுன் இதனை ஒப்புக்கொள்ளாவிடின் எமது பேச்சு போலியாகும்.

ஆயின் கடன்பட்டவன் தலை குனியாத நன்றியும் உண்டு. அதை நாம் நூலிற் படித்தறியவில்லை. கொடிகாமத்து எமது வீட்டிலேயே கண்டோம்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி. அரசாங்கப் படைகள் சூரியக்கதிர் நடவடிக்கையில் வலிகாமத்துள் முன்னேறிக்கொண்டிருந்தன. உடனே வெளியேறுமாறு விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கிகள் மக்களுக்கு அறிவித்தன. பல இலட்சம் மக்கள் ஒரே இரவில், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி வந்தனர். போவதா, இருப்பதா என்று அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. முதியோர் வழியிலேயே இறந்தனர். பாடசாலைகளும் கோயில்களும் நிரம்பின. வீடுகள் நிரம்பின, மாமரத்தடிகளும் நிரம்பின.

எமக்கு அப்போது ஆறு வயது. எமது வீட்டின் அறைகளிலும் கொட்டிலிலும் ஐந்து குடும்பங்கள் தங்கின. அவற்றுள் ஒன்று சில்லாலையிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். டிசெம்பர் முதல் வாரத்தில் யாழ்ப்பாண நகரம் படையினர் கையில் வீழ்ந்தது. திரும்பிப் போகும் வழி அடைபட்டது. மின்சாரம் இல்லாது போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகராயிற்று. ஜாம் போத்தலுள் பஞ்சைப் போட்டுச் சிறிதளவு எண்ணெயில் எரியும் விளக்கே எமது தலைமுறை எழுத்துக் கற்ற ஒளி.

நத்தார் வந்தது. அந்த மார்கழியில் எமது அம்மம்மா பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடித்திருந்தார். இருபத்தொரு நாளும் வீட்டில் மச்சம் காய்ச்சுவதில்லை. நத்தார் நாளும் அந்த இருபத்தொன்றுக்குள் அமைந்தது. சில்லாலை அம்மையார் முதல் நாளே அம்மம்மாவிடம் வந்து, "ஆச்சி, நாங்களும் இந்த முறை மரக்கறிதான். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு, பிள்ளையார் படத்துக்கு ஏற்றவென்று சேர்த்து வைத்திருந்த தேங்காயெண்ணெயிற் பாதியை ஊற்றி, கொட்டில் மூலையிற் கிடுகினாலும் வைக்கோலாலும் பிள்ளைகள் செய்திருந்த பாலன் குடிலுக்கு முன்னால் ஒரு சிட்டி விளக்கை வைத்தார். நள்ளிரவுப் பூசைக்கு எவரும் செல்லவில்லை. தாயும் பிள்ளைகளும் மெல்லிய குரலிற் செபம் சொன்னார்கள். தூரத்தே ஷெல் விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து குடும்பத்துப் பிள்ளைகளும் அந்த விளக்கைச் சுற்றி அப்படியே உறங்கிப்போனோம். சத்திரத்தில் இடமில்லாத ஒரு குடும்பத்தின் கதையைப் பிற்காலத்திற் படித்தபோது, அக்கொட்டிலே எமது கண்முன் வந்தது.

இதனை இனிய நினைவாக மட்டும் எழுதிச் செல்லல் நேர்மையாகாது. அம்மாதங்களில் தென்மராட்சியின் எல்லாக் கதவுகளும் எல்லார்க்கும் ஒரேவகையாகத் திறக்கவில்லை. முற்றத்தில் இடங் கொடுத்தவர் சிலர் கிணற்றடியில் சாதி கேட்டனர். வாளியைத் தொட விடாது தாமே நீரள்ளி ஊற்றியோரை எமது பெரியோர் கண்டிருக்கின்றனர். ஷெல் விழும்போது எவரது சாதியும் கேட்பதில்லை; கிணறுதான் கேட்டது. துன்பம் மனிதரைத் தானாகவே ஒன்றாக்கிவிடும் என்னும் எளிய நம்பிக்கையை இந்த அனுபவம் பொய்ப்பிக்கிறது. கதவு திறப்பது ஒரு தீர்மானம்; கிணற்றைத் திறப்பது இன்னொரு தீர்மானம்.

1996 ஏப்ரிலில் மக்கள் மீண்டும் வலிகாமம் சென்றனர். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2000 ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்ததும் போர் தென்மராட்சிக்குத் திரும்பியது. சாவகச்சேரி நகரம் இடிபாடாயிற்று. இம்முறை ஓடியோர் நாம். எங்கே போவது என்று அம்மம்மா தயங்கவில்லை. சில்லாலையில் அந்தக் கத்தோலிக்க வீட்டின் படலை எமக்காகத் திறந்தே இருந்தது. அங்கு நாம் தங்கிய மாதங்களில் வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டிலும் மச்சம் இல்லை. ஏன் என்று அம்மம்மா கேட்டபோது, "உங்கட வீட்டில நாங்கள் படிச்சது, ஆச்சி" என்றார் அந்த அம்மையார். அங்கே எவரும் எவருக்கும் எசமானரல்லர். கொடுத்தவர் பெறுபவராயினர்; பெற்றவர் கொடுப்பவராயினர். மேலிருப்பவன் கீழிருப்பவனிடம் கேட்டு வாங்கும் நன்றிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு உரை வேண்டியதில்லை. 311 ஆண்டுகளுக்கு முன் ஒரு பிச்சைக்காரக் குருவுக்குப் புகலளித்த ஊர் அது என்பதை அப்போது நாம் அறியோம். பல்கலைக்கழகம் சென்ற பின்னரே அறிந்தோம்.

அவ்வாண்டின் இறுதி எமது பகுதிக்கு ஆறாத வடு ஒன்றை விட்டுச் சென்றது. டிசெம்பர் 19 ஆந் திகதி, இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் தமது வீடு வளவுகளைப் பார்க்கக் கொடிகாமத்துக்கு அடுத்துள்ள மிருசுவிலுக்கு வந்தனர். எண்மர் கொன்று புதைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவன் ஐந்து வயதுச் சிறுவன். 2015 இல் ஓர் இராணுவத்தினனுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச் மாதத்திற் சனாதிபதியின் பொதுமன்னிப்பில் அவன் விடுதலையானான். நாம் மரண தண்டனையை வேண்டுவோரல்லர். ஆனால் தன் வீட்டைப் பார்க்க வந்தவனைக் கொன்றதற்கு நீதி கிடையாத நாட்டில், மார்கழி தோறும் அக்குடும்பங்களுக்கு 'ஓய்வு' என்னும் சொல் என்ன பொருள் தரும்? நீதி இல்லாத இடத்தில் உடல் உறங்கலாம், மனம் உறங்காது.

நான்கு ஆண்டுகளின் பின், 2004 டிசெம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும் அதுவே, நத்தாரின் மறுநாளும் அதுவே. ஓய்வுக்கென்று இரு சமயங்களின் நாட்காட்டிகள் ஒன்றுகூடிய காலையிற் கடல் எழுந்தது. மணற்காட்டிலிருந்து தாளையடி, மருதங்கேணி, செம்பியன்பற்று வரை வடமராட்சி கிழக்கின் மீனவக் குடிசைகள் அடியோடு பெயர்ந்தன. அவ்வூர்களிற் பலர் முதல் நாள் நத்தார் கொண்டாடிய கத்தோலிக்கர். அன்று மாலைக்குள் கொடிகாமத்து வீடுகளிலிருந்தும் சோற்றுப் பொதிகள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. எமது வீட்டில் அம்மம்மா உலையை இறக்காமலே ஏற்றிக்கொண்டிருந்தார். தாம் எந்தச் சமயத்தாருக்குச் சமைக்கிறோம் என்று அவர் கேட்கவில்லை, கேட்க நேரமுமில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவுக்கு வருகிறோம். நன்றி, விசுவாசம், ஓய்வு ஆகிய மூன்றும் பண்டிகைக் காலத்தில் வானத்திலிருந்து இறங்குவன அல்ல. அரசாங்கம் நாட்காட்டியிற் சிவப்பு மையால் அச்சிட்டுக் கொடுப்பனவும் அல்ல. எளிய மக்கள் ஒருவருக்கொருவர் உண்டாக்கிக் கொடுத்தவை அவை. 1689 இல் உயிரைப் பணயம் வைத்துக் கதவைத் திறந்தவர் விசுவாசத்தை உண்டாக்கினர். 1833 இல் ஆலைச் சிறுவருக்காகப் போராடியவர் ஓய்வை உண்டாக்கினர். 1995 இலும் 2000 இலும் படலையைத் திறந்தவர் நன்றியை உண்டாக்கினர். மனிதர் உண்டாக்கியதை மனிதர் விரிவாக்கவும் இயலும். விரிவாக்காவிடின் அது சிலரின் சொத்தாகச் சுருங்கிவிடும்.

இனி எமது மாணவியின் கேள்வி. உன் அம்மாவுக்குச் சந்தையில் லீவு இல்லை. ஏனெனில் அவளுக்காக அதனைக் கேட்டு வாங்க எவரும் இன்னும் எழவில்லை. கடைச் சிப்பந்திக்குக் கிடைத்த ஒன்றரை நாளும் ஒரு காலத்தில் நகைப்புக்குரிய கோரிக்கையாகவே இருந்தது. மழையில் நனையாத கூரையும், கூசாமற் போய்வரக் கழிப்பிடமும், நோயுற்றால் ஒரு வாரம் வீட்டிலிருக்க உதவும் சேமநல நிதியும், முதுமையில் ஓய்வூதியமும் சந்தைப் பெண்ணுக்கும் உரியவை என்று கேட்பது இன்று பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆசிரியராகிய எமக்கு விடுமுறைச் சம்பளம் உண்டு. எமது பள்ளி மூடியிருக்கும் நாளிலும் எமது வீட்டுச் சமையலுக்குக் கீரை கொண்டுவருபவள் அவளே. எமது ஓய்வு அவளுக்குப் பட்ட கடன். ஆண்டுக்கொரு முறை 'நன்றி' என்று கூறி அதனைத் தீர்க்க முடியாது.

இவ்வாண்டு நத்தார் முந்திய நாள் காலையிலும் சந்தைக்குச் சென்றோம். தூறல் நிற்கவில்லை. அம்மாணவி தாயின் பக்கத்தில் அமர்ந்து தேங்காய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும் எழுந்து, "அம்மா ஒரு மணித்தியாலம் படுக்கட்டும் எண்டு நான் வந்தனான், சேர்" என்றாள். தாய் பின்னால் இருந்த சாக்கு மூட்டைமேல் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். நாம் குரலைத் தாழ்த்தி இரண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.